கதையில் வரும் சிறையும் கண்ணெதிரே உள்ள சிறையும்

(ஆண்டாப் ஹில்லிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவர்)

நம் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு விழா நாடகங்களில் சிறைச்சாலைக் காட்சிக்கு ஆகிற செலவு மிகக் குறைவு. நாலைந்து மூங்கில் கழிகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து வரிசையாக நிறுத்தினால் கம்பி தயார். கோடு போட்ட சட்டை, மார்பில் ஓர் எண், கையில் அலுமினியத் தட்டு, மூலையில் பெரிய மீசையோடு ஒரு வார்டர். கதாநாயகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாயை நினைத்து ஒரு பாட்டுப் பாடுவான். திரை விழும். அடுத்த காட்சியில் 'பதினான்கு வருடங்களுக்குப் பிறகு' என்று ஓர் அறிவிப்பு. தலையில் மாவு தூவிய கதாநாயகன் வெளியே வருவான். கைதட்டலுக்குக் குறைவிருக்காது.

பொழுதுபோக்குக்கு அது போதும். ஆனால் அன்பர்களே, மும்பையில் வாழும் நமக்குச் சிறைச்சாலை தூரத்து விஷயம் அல்ல. ஆண்டாப் ஹில்லிலிருந்து ஆர்தர் ரோடு சிறை பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. 2019 மார்ச்சில் மோனோ ரயில் ஜேக்கப் சர்க்கிள் வரை நீட்டிக்கப்பட்டபோது, நம் ஆண்டாப் ஹில் நிலையத்தில் ஏறியவர் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் சிறை மதிலுக்குக் கூப்பிடு தூரம். தாராவியிலும் கோலிவாடாவிலும் செம்பூரிலும் உள்ள நம் குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்த மதில் மிக நன்றாகத் தெரியும். வெளியில் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு சிறுகதை எழுத உட்கார்ந்தேன். ஆட்டோ ஓட்டும் மகன் உள்ளே, தாய் வெளியே. இதுதான் கதை. முதல் பக்கத்திலேயே கேள்விகள் வரிசையில் வந்து நின்றன. அவனை எத்தனை மணிக்கு எழுப்புவார்கள்? எதன்மேல் படுப்பான்? அந்தத் தாய் அவனை எப்போது பார்க்கலாம், எவ்வளவு நேரம்? அவன் போட்டிருப்பது யாருடைய சட்டை? இவற்றுக்கு விடை தெரியாமல் கதாபாத்திரத்தை அழவைக்கலாம், நடமாட வைக்க முடியாது. எனவே பேனாவை வைத்துவிட்டு ஒரு வருஷம் படித்தேன், விசாரித்தேன். அப்படிச் சேர்ந்தவற்றுள் நம் இளம் எழுத்தாளர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் உதவக்கூடியவற்றை இங்கே தருகிறேன். எழுதாதவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு.

வரைபடம் ஒன்று, கட்டடம் ஒன்று

ரயில்வேயில் எங்களுக்கு இரண்டு வரைபடங்கள் உண்டு. ஒன்று, மேலதிகாரிகள் கையெழுத்திட்ட டிராயிங். அது எப்படி இருக்கவேண்டும் என்பதைச் சொல்லும். மற்றொன்று, வேலை முடிந்தபின் இடத்தில் அளந்து போடுகிற டிராயிங். அது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால்தான் உண்மை தெரியும். அதற்குப் பிறகும் டிராலியில் ஏறிப் பாதையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம்.

சிறைக்கும் அப்படியே. கையெழுத்திட்ட டிராயிங், சிறைச் சட்டமும் சிறைக் கையேடும். 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சிறைச் சட்டத்தின் அடித்தளத்தில்தான் மாநிலங்களின் சிறைக் கையேடுகள் நெடுங்காலம் நின்றன. 2016ல் மத்திய அரசு ஒரு மாதிரிக் கையேட்டை வெளியிட்டது. ஒரு கைதிக்கு எத்தனை சதுர மீட்டர் இடம், எப்போது எண்ணிக்கை, யார் யாரைச் சந்திக்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இடத்தில் அளந்த டிராயிங் எது என்றால், உள்ளே இருந்தவர்கள் எழுதிய நூல்கள்.

கையேட்டை ஊன்றிப் படித்தால் எவ்வளவு தெரியவரும் என்பதற்கு மும்பையிலேயே சான்று இருக்கிறது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளைப் பிரித்து, எந்தச் சாதிக்காரர் சமைக்கவேண்டும், எந்தச் சாதிக்காரர் பெருக்கவேண்டும் என்று அவற்றில் எழுதியே வைத்திருப்பதை 2020ல் வெளிக்கொண்டு வந்தார். பிறகு அவரே உச்ச நீதிமன்றம் போனார். நமது பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்தது பற்றியும் அந்த வழக்கில் பேச்சு வந்தது. 2024 அக்டோபர் 3ஆம் தேதி, அப்படிப்பட்ட விதிகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று தீர்ப்பாயிற்று. நூற்றாண்டுக் காலமாக எல்லார் கண்முன்னாலும் அச்சில் கிடந்த வரிகள்தான் அவை. படிக்க ஒருவர் வேண்டியிருந்தது.

பெரியவர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள்

கதைக்காரன் இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ரஷ்யாவிலிருந்து மூன்று பெயர்களைச் சொல்கிறேன்.

முதலாமவர் செகாவ். 1890ல், முப்பது வயதில், நுரையீரல் நோயின் அறிகுறிகளோடு, சைபீரியாவைக் குதிரை வண்டியில் கடந்து சாகாலின் தீவுக்குப் போனார். கைதிகளைக் கொண்டுபோய்க் கொட்டும் தீவு அது. மூன்று மாதம் தங்கி, வீடு வீடாக ஏறி இறங்கி, ஆளுக்கொரு அட்டை வைத்து ஏறத்தாழ பத்தாயிரம் பேரின் விவரங்களைக் குறித்தார். பெயர், வயது, எப்போது வந்தார், எழுதப் படிக்கத் தெரியுமா என்று நம் ஊர் ஜனத்தொகைக் கணக்கெடுப்புப் போலவே. திரும்பும்போது கப்பல் கொழும்பில் நின்றது. இலங்கையில் ரயில் ஏறித் தென்னந்தோப்புகளைப் பார்த்து மகிழ்ந்தார் என்பது நமக்கு ஒரு சின்னச் சந்தோஷம். சாகாலின் பற்றிய அவர் நூல் 1895ல் புத்தகமாக வந்தது. அத்தனை அட்டைகளையும் எழுதியவர், அந்த வாழ்வை வைத்து எழுதிய சிறுகதைகள் மிகச் சிலவே. கதையில் ஒரு வரி நிற்க, அடியில் நூறு அட்டை இருக்கவேண்டும் போலும்.

இரண்டாமவர் டால்ஸ்டாய். 1899ல் வந்த 'புத்துயிர்ப்பு' நாவலை எழுதும்போது, மாஸ்கோவின் புட்டீர்க்கா சிறையில் வேலை பார்த்த காவலர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்து, கேள்விமேல் கேள்வி கேட்டார். கைதிகள் எப்படி நிற்பார்கள், எப்படிப் பேசுவார்கள், என்ன உடை என்று கேட்டுத் திருத்திக்கொண்டார். அந்த ஆண்டு ஏப்ரலில், சைபீரியாவுக்கு அனுப்பப்படும் கைதிகள் சிறையிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடத்திச் செல்லப்பட்டபோது, எழுபது வயதில் தாமும் அவர்களோடு நடந்தார். நாவலில் அந்த ஊர்வலத்தையும், வெயிலில் சுருண்டு விழும் கைதிகளையும், ரயில் பெட்டிக் கம்பிகளையும் படிக்கிறபோது, ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு ஒரு போல்ட்டுகூட இடம் மாறியிருப்பதாகத் தோன்றவில்லை.

மூன்றாமவர் தஸ்தயேவ்ஸ்கி. அவர் ஆராயப் போகவேண்டியிருக்கவில்லை. அரசே அனுப்பி வைத்தது. 1850 முதல் 1854 வரை ஓம்ஸ்க் சிறையில் காலில் விலங்கோடு இருந்தார். கைதிகள் பேசும் சொற்களையும் சொலவடைகளையும் திருட்டுத்தனமாக ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பின்னால் அவர் எழுதிய சிறை நூலில், சங்கிலியைவிட, உழைப்பைவிட, நான்கு வருஷத்தில் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்க முடியாததைத்தான் பெரிய தண்டனையாகச் சொல்கிறார். நாடகத்தில் கைதியைத் தனியாகக் கம்பிக்குப் பின்னால் நிறுத்துகிறோமே, அதை யோசித்துப் பாருங்கள்.

நம்மவர்கள் விட்டுச் சென்றவை

தமிழில் இந்தச் செல்வம் குறைவில்லை. வ.உ.சி. 1908ல் கோவைச் சிறைக்குப் போய், பிறகு கண்ணனூருக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானார். செக்கிழுத்த செம்மல் என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் அவர் செய்யுளில் எழுதிய சுயசரிதையைத் திறந்தால், செக்குக்கு முன்னால் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றியதும், கைத்தோல் உரிந்ததும், ஜெயிலர்களின் குணமும் வருகின்றன. ராஜாஜி 1921 டிசம்பரிலிருந்து 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பு 'சிறையில் தவம்' என்று வந்தது. நாள்வாரியாக எழுதப்பட்டது என்பதாலேயே கதை எழுதுகிறவனுக்கு அது பொக்கிஷம். பின்னாளில், தூக்குத் தண்டனை பெற்று அது குறைக்கப்பட்ட தியாகு, 'சுவருக்குள் சித்திரங்கள்' என்ற தொடரை ஜூனியர் விகடனில் எழுதினார். மார்க்ஸின் மூலதனத்தை அவர் தமிழாக்கியதும் சிறைக்குள்தான்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் கட்டாயம் படிக்கவேண்டியது, கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்'. குண்டூரில் வேலை தேடிப் போன தமிழ் இளைஞர்களைச் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்த கதை. கதையல்ல, அவரே பட்டது. இதை வைத்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' 2015ல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. இங்கே ஒரு குறிப்பு: லாக்கப் வேறு, சிறை வேறு. லாக்கப் போலீஸாருடையது. கைது செய்தவரை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். சிறை வேறு இலாகா, வேறு உடுப்பு, வேறு அதிகாரி. நம் நாடகங்களில் ஒரே இன்ஸ்பெக்டர் கைது செய்து, அடைத்து, விடுதலையும் செய்துவிடுகிறார்!

நமக்கு மட்டுமே உரிய ஒரு தொடர்பும் உண்டு. ஆர்தர் ரோடு என்று நாம் இன்னும் சொல்லும் சாலையின் பெயர் சானே குருஜி மார்க். சானே குருஜியின் புகழ்பெற்ற 'சியாமின் தாய்' நூல் 1933 பிப்ரவரியில், நாசிக் சிறையில், ஐந்தே நாளில் எழுதப்பட்டது. அதே சானே குருஜி விடுதலைப் போராட்டத்தில் நமது திருச்சிச் சிறையிலும் இருந்தார். அங்கேதான் தமிழ் கற்கத் தொடங்கினார். திருக்குறளை மராத்தியில் தந்தார். மராத்திய மண்ணின் ஒரு சிறை வாசலில் போகும் சாலைக்கு, தமிழ்நாட்டுச் சிறையில் தமிழ் படித்த ஒருவரின் பெயர்! நம் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவேண்டாமா?

உள்ளே ஒரு நாள்

சிறைக்குச் சிறை வழக்கம் மாறும். ஆனாலும் நூல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தால் ஒரு பொதுவான டைம் டேபிள் கிடைக்கிறது.

விடியற்காலை பாரக் கதவு திறக்கும். முதல் வேலை எண்ணிக்கை. மும்பைச் சிறைப் பேச்சில் 'கின்தி'. ஜோடி ஜோடியாக உட்காரவைத்து எண்ணுவார்கள். இரவில் இருந்த எண் காலையிலும் வரவேண்டும். வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பிறகு டீ, சிற்றுண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு வரிசை, கழிவறைக்கு வரிசை. முற்பகலிலேயே மதியச் சாப்பாடு. நண்பகலில் மறுபடி அடைப்பு, அதாவது 'பந்தி'. மூன்று மணி அளவில் திறப்பார்கள். நாலு, ஐந்து மணிக்கெல்லாம் இரவுச் சாப்பாடு கைக்கு வந்துவிடும். சூரியன் மறையுமுன் கடைசி எண்ணிக்கை, கதவுக்குப் பூட்டு. பிறகு மறுநாள் விடியும்வரை பன்னிரண்டு மணி நேரம் அந்த ஒரே கூடம்தான். பாத்திரத்தில் எடுத்து வைத்த ரொட்டியும் பருப்பும் இரவு எட்டு மணிக்கு ஆறிக் குளிர்ந்திருக்கும். விளக்கு இரவு முழுவதும் எரியும். 'இருட்டுச் சிறை' என்று எழுதுகிறோமே, பலருக்கு அங்கே கொடுமை வெளிச்சம்தான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தூங்குகிறார்கள்.

மும்பைச் சிறையில் தமிழனை வைத்துக் கதை எழுதுகிறவர், அவன் பாரக்கில் பேசுவது பம்பாய் ஹிந்தி என்பதை மறக்கக்கூடாது. கைதி எழுதும் கடிதத்தை அதிகாரி படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். மராத்திக்கார அதிகாரியின் மேஜையில் தமிழ்க் கடிதம் ஒன்று வந்து விழுந்தால் என்ன நடக்கும்? கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

படுக்க எவ்வளவு இடம்

இனி கொஞ்சம் கணக்கு. பொறியாளன் கட்டுரையில் கணக்கு இல்லாமல் போனால் சரியாக இராது.

மாதிரிக் கையேட்டின்படி பாரக்கில் ஒரு கைதிக்கு 3.71 சதுர மீட்டர் தரை வேண்டும். சுமார் 40 சதுர அடி. ஆர்தர் ரோடு சிறை 1926ல் வந்தது. பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த அதன் கொள்ளளவு 804 பேர். ஆனால் மூவாயிரம் பேருக்கு மேல் அங்கே இருந்ததாகப் பலமுறை செய்தி வந்திருக்கிறது. கையேட்டு அளவுப்படியே 804 பேருக்குக் கட்டியிருப்பதாக வைத்துக்கொண்டாலும், மூவாயிரத்துக்கு வகுத்தால் ஆளுக்கு ஒரு சதுர மீட்டர்தான் தேறும்.

ஒரு சதுர மீட்டர் என்றால் எப்படி இருக்கும்? நாம் ஊருக்குப் போகும் பழைய நீலநிற ஸ்லீப்பர் பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர், அகலம் 3.25 மீட்டர். அதில் 72 படுக்கை. தரைப் பரப்பை 72ஆல் வகுத்தால் ஆளுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாம் எப்படிச் சமாளிக்கிறோம்? மூன்று அடுக்காகப் படுக்கிறோம், மறுநாள் இறங்கிவிடுகிறோம். இப்போது அந்தப் பெட்டியில் படுக்கைகளை எல்லாம் கழற்றிவிட்டு 72 பேரையும் தரையில் படுக்கச் சொல்லுங்கள். ஒருக்களித்துத்தான் படுக்கலாம். ஒருவர் புரண்டால் வரிசையே புரளவேண்டும். இறங்கும் நிலையம் எப்போது வரும் என்றும் தெரியாது. இதுதான் என் கதாநாயகனின் இரவு. இந்தக் கணக்கைப் போட்டபின் அவனுக்குப் பாட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே இருப்பவர் யார்

'சிறையில் இருக்கிறான்' என்றால் 'தண்டனை பெற்றவன்' என்றுதான் நம் காதில் விழுகிறது. மத்திய அரசின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல்! அதாவது, நாலு பேரில் மூவர்மேல் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

இவர்கள் தங்கள் சொந்த உடையை உடுத்திக்கொள்ளலாம். கல் உடைக்கவும் தறி நெய்யவும் கட்டாயப்படுத்த முடியாது. கடுங்காவல் தண்டனை பெற்றவருக்குத்தான் கட்டாய வேலை. ஆகவே நம் ஆட்டோக்கார இளைஞன், கைதான அன்று போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டையோடு இருப்பான். அந்தச் சட்டை வெளுப்பதைக் காட்டினாலே காலம் போவதைக் காட்டியதாகும்.

'பதினான்கு வருடங்களுக்குப் பிறகு' என்பதையும் திருத்திக்கொள்ள வேண்டும். ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும்தான். இதை உச்ச நீதிமன்றம் 1961லேயே கோபால் கோட்ஸே வழக்கில் தெளிவாக்கிவிட்டது. பதினான்கு என்பது, சில கொடிய குற்றங்களில் அதற்கு முன் அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்கக்கூடாது என்ற கீழ் எல்லை. பதினான்கு முடிந்ததும் கதவு தானாகத் திறக்காது.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வரமுடியாதவர்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நீதிபதி ஜாமீன் தந்துவிடுவார். சொத்துள்ள உள்ளூர் ஆள் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டும். பிழைக்க வந்த ஊரில் அப்படி யார் இருக்கிறார்? 1978ல் மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவர் சகோதரர் பொறுப்பேற்க முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். வி.ஆர். கிருஷ்ணய்யர் தம் தீர்ப்பில், ஒரு தமிழனோ மலையாளியோ கன்னடக்காரனோ எங்கோ தொலைதூர ஊரில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று கேட்டு, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். கிருஷ்ணய்யர் 1948ல் தாமே ஒரு மாதம் சிறையில் இருந்தவர். 1957ல் கேரளத்தில் சிறைத்துறைக்கும் அமைச்சராக இருந்தவர். வரைபடத்தையும் கட்டடத்தையும் இரண்டையும் பார்த்தவர் எழுதிய தீர்ப்பு அது.

இன்னும் இரண்டு விஷயங்கள். காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உதவி உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், முதல்முறை வழக்கில் சிக்கியவர், அக்குற்றத்துக்குரிய உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணையில் விடவேண்டும் என்றிருக்கிறது. தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. கதைக்காகத் தேடியது, வேண்டிய குடும்பத்துக்கும் பயன்படட்டும்.

சின்னப் பொருள்கள்

சிறைக் கதையை நிறுத்துவது பெரிய மதில் அல்ல, சின்னப் பொருள்கள். மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய 'மதிலுகள்' கதையில், மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறை. முகம் பார்க்காத ஒருத்தியோடு பேச்சு. அவள் வந்திருக்கிறாள் என்பதற்கு அடையாளம், மதிலுக்கு மேலே எழும்பி விழும் ஒரு காய்ந்த குச்சி. அந்தக் குச்சிதான் கதை. 1989ல் அடூர் கோபாலகிருஷ்ணன் அதைப் படமாக்கினார்.

நம் காலத்து உண்மைச் சம்பவம் ஒன்று. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டான் சாமி பாதிரியார் 2020 அக்டோபரில் ராஞ்சியில் கைதாகி, நவி மும்பையின் தலோஜா சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். வயது 83. நடுக்குவாத நோய். டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கித் தண்ணீர் சிந்தும். உறிஞ்சு குழலும் மூடிபோட்ட குவளையும் வேண்டி நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டி வந்தது. வாரக்கணக்கில் அது செய்தியாக நின்றது. உடனிருந்த கைதிகள் அவருக்குச் சாப்பிட உதவினார்கள். விசாரணை தொடங்குமுன்பே, 2021 ஜூலை 5ஆம் தேதி, பாந்திரா மருத்துவமனையில் காலமானார். வழக்கைப் பற்றி அவரவர்க்கு அவரவர் கருத்து இருக்கலாம். நான் சொல்லவருவது அந்தக் குவளையைப் பற்றி. வெளியில் சாதாரணப் பொருள், உள்ளே ஒரு மனு எண் ஆகிவிடுகிறது. சிறை என்றால் என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வாசலில் நிற்பவர்கள்

கடைசியாக டிராலிப் பயணம். ஒரு சிறை வாசலுக்குப் பக்கத்து டீக்கடையில் சில நாள் காலை வேளைகளில் உட்கார்ந்திருந்தேன். எந்தச் சிறை என்பது வேண்டாம். முலாகாத்துக்கு வந்தவர்களின் வரிசையில் முக்கால்வாசி பெண்கள். கையில் ஆதார் கார்டு நகல், பிளாஸ்டிக் பையில் துணி. திருநெல்வேலிப் பேச்சுக் கேட்டுத் திரும்பினேன். தாராவியிலிருந்து வந்த ஒரு அம்மாள். பேச்சுக் கொடுத்ததும், "அண்ணாச்சி, நாலு மணிக்கே எந்திரிச்சு வந்தேன். கண்ணாடிக்கு அங்கிட்டு அவன், இங்கிட்டு நான். போன்ல பேசணும். பத்து நிமிசம். வரும்போது நூறு விசயம் நெனச்சிட்டு வருவேன். அவன் மொகத்தப் பாத்தா, சாப்பிட்டியாங்கிறது தவிர ஒண்ணும் வரமாட்டேங்கு" என்றார்.

சாலில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லியிருக்கேன். மக கல்யாணம் நிக்கிதுல்லா?"

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ஒவ்வொரு தேதிக்கும் அடுத்த தேதி தருகிறார்கள் என்றார். அவ்வளவுதான். அழவில்லை. பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, இதை உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்கு ஒன்று கொடுத்தார்.

'ஊருக்குப் போயிருக்கிறான்.' நம் சால்களிலும் காலனிகளிலும் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! நாம் என்ன செய்கிறோம்? பாதிப்பேர் நம்புவதுபோல் தலையாட்டுகிறோம், மீதிப்பேர் முதுகுக்குப் பின்னால் பேசுகிறோம். அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிறோம். தீர்ப்பு வருவதற்கு முன்பே நாம் தண்டனை கொடுத்துவிடுகிறோம். அந்தத் தண்டனையை அனுபவிப்பது பெரும்பாலும் தாயும் தங்கையும். இதற்குக் கோடு போட்ட சட்டையும் மூங்கில் கம்பியும் கொஞ்சம் காரணம் இல்லை என்று சொல்லமுடியுமா? மேடையில் நாம் காட்டும் கைதிதான் நம் மனதிலும் உட்கார்ந்திருக்கிறான்.

எழுத வரும் இளைஞர்களுக்கு

சிறைக் கதை எழுத விரும்பும் தம்பி தங்கைகள் முதலில் கையேட்டைப் படியுங்கள். பிறகு உள்ளே இருந்தவர்களின் நூல்களில் குறைந்தது மூன்றைப் படியுங்கள். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் உங்கள் கதை இருக்கிறது. மதிலுக்குள் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், 2021 ஜனவரி 26 அன்று மகாராஷ்டிர அரசு எரவாடாவில் சிறைச் சுற்றுலா தொடங்கிவைத்தது. 1932ல் காந்திஜி உண்ணாவிரதம் இருந்த, பூனா ஒப்பந்தம் உருவான இடம் அது. சென்னை மத்திய சிறையை 2009ல் இடிப்பதற்கு முன் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது கூட்டம் அலைமோதியது. ஆவல் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் காலியான சிறை கட்டடத்தை மட்டுமே காட்டும். நேரத்தைக் காட்டாது. நேரம் எப்படிப் போகிறது என்பதை உள்ளே இருந்தவரும் வாசலில் நின்றவரும்தான் சொல்லமுடியும். அவர்களிடம் கேட்கும்போது 'என்ன குற்றம்?' என்று தொடங்காதீர்கள். 'எத்தனை மணிக்கு எழுப்புவார்கள்?' என்று தொடங்குங்கள். முதல் கேள்விக்கு வாய் மூடிக்கொள்ளும். இரண்டாவதற்கு ஒரு முழு நாளும் வந்துவிடும்.

அடுத்த ஆண்டு விழா நாடகத்தில் சிறைக் காட்சி வருமானால், மூங்கில் கம்பி இருந்துவிட்டுப் போகட்டும். கதாநாயகனுக்குச் சொந்தச் சட்டையைப் போட்டுவிடுங்கள். அவனைச் சுற்றி இன்னும் பத்துப் பேரை உட்காரவையுங்கள். விளக்கை அணைக்காதீர்கள். அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு தாய்க்கு, தன் பிள்ளையைப் பற்றி இந்த ஊரில் யாரோ உண்மையைத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள் என்ற ஆறுதலாவது கிடைக்கும்.